வாலில்லாத பள்ளங்கள்

அவரை எழுதச் சொன்ன வரி இதுதான்: "மாதிரியைத் தேய்க்கும்போது கையழுத்தம் அதிகமானதால் துகள்கள் பெயர்ந்துவிட்டன." பதிவேடு திறந்து கிடந்தது. பேனாவின் மூடியை மேலாளரே கழற்றி வைத்திருந்தார். ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை.

அவர் பேனாவை எடுத்தார். மூடியை மாட்டி மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

"என் கை அப்படிச் செய்யல சார். செய்யாததை எப்படி எழுதறது?"

எங்கள் பட்டறையில் அவருக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா. அவர் மூக்கில் கண்ணாடி கிடையாது. ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட மாட்டார். இங்கே வருவதற்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒன்பது வருடம் வில்லை தேய்த்தவர். கடை மூடியதும் எங்கள் பட்டறையில் பொட்டலம் கட்டும் பகுதியில் சேர்ந்தார்.

அப்போது சோதனை அறையில் ஒரு கெமிஸ்ட் இருந்தார். படித்தவர், நல்ல மனிதர், ஆனால் அவர் தேய்த்த உலோகத் துண்டில் எப்போதும் கோடு கோடாகக் கீறல் நிற்கும். நுண்ணோக்கியில் வைத்தால் உலோகம் தெரியாது, கீறல்தான் தெரியும். ஒரு நாள் பெட்டி சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போன அக்கா வாசலில் நின்றார்.

"ஒரே பக்கமாத் தேய்க்கறீங்க சார், கோடு எப்படிப் போகும்? தாள் மாத்தறப்போ துண்டையும் கால்வட்டம் திருப்புங்க. பழைய கோடு குறுக்கால தெரியும். அது மறையற வரைக்கும் தேய்ங்க."

கெமிஸ்ட் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். சும்மா ஒரு துண்டு தேய்த்துக் காட்டத்தான் கொடுத்தார். பதினோரு வருடம் ஆகிறது, அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. கெமிஸ்ட் வேறு வேலை கிடைத்துப் போகும்போது தன் தடிப் புத்தகத்தையும் அவரிடமே விட்டுப் போனார். அக்கா அதை நான்கு தடவை படித்திருக்கிறார். புரியாத பக்கங்களில் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி போட்டு வைத்திருப்பார், புரிந்ததும் அழித்துவிடுவார்.

அறை சின்னது. ஒரு தண்ணீர்க் குழாய், சுழலும் தட்டு இரண்டு, அலமாரியில் நம்பர் வாரியாக உப்புத்தாள், துணி போர்த்திய நுண்ணோக்கி, அதோடு சேர்ந்த ஒரு திரை. உள்ளே செருப்பு போட்டுக்கொண்டு போக முடியாது. கடைசி மெருகுக்கு ஒரு மெல்லிய துணி உண்டு, அதில் ஒரு மணல் ஏறினாலும் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். "உள்ள என்னக்கா, கொழந்தை தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் உலையாட்கள் செருப்பைக் கழற்றுவார்கள். ஆனால் கழற்றுவார்கள்.

நாங்கள் வார்ப்பது சின்ன வண்டிகளுக்கான பிரேக் டிரம். முன்பு வேறு உலோகங்கள் வார்த்தோம். நான்கு வருடமாக அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு பொடி கலந்து வார்க்கிறோம். அலுமினியம் எடை குறைவு, ஆனால் மிருது, சீக்கிரம் தேயும். கார்பைடு உப்பைவிட நுண்ணிய பொடி, கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினம். இரண்டும் சேர்ந்தால் லேசாகவும் இருக்கும், தேயவும் தேயாது. ஆனால் ஒரு நிபந்தனை: பொடி எங்கும் ஒரே மாதிரி பரவி நிற்க வேண்டும். ஓரிடத்தில் கும்பலாகச் சேர்ந்தால் அந்த இடம் கெட்டிப்படாது, அங்கேதான் முதலில் விரியும்.

பரவ வைப்பதுதான் பாடு. கார்பைடு உருகிய அலுமினியத்தோடு லேசில் ஒட்டாது. அதைத் தனி அடுப்பில் தட்டில் பரப்பி, ஈரம் போகச் சூடாக்க வேண்டும். மூசையில், அதாவது உருக்கும் கலத்தில், உருகிக் கிடக்கும் அலுமினியத்தில் துடுப்பை இறக்கிச் சுற்றினால் சுழி விழும். அந்தச் சுழியின் சரிவில் பொடியை நூலாக இறக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் பொடி மேலேயே மிதக்கும். வேகமாகச் சுற்றினால் சுழி காற்றையும் சேர்த்து விழுங்கும், குமிழைச் சுற்றிப் பொடி அப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகம் எங்கள் உலைக்காரனின் காதுக்குத் தெரியும். உலைக்காரன் வேறு யாருமில்லை, அக்காவின் கணவருடைய தம்பிதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. கலக்கி முடித்ததும் முதல் கரண்டி உருகலை விரல் பருமனுள்ள ஓர் இரும்பு அச்சில் ஊற்றுவோம். அதற்குப் பெயர் குச்சி. அந்தக் குச்சியை வெட்டி, தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்து அக்கா 'நன்று' என்று பதிவேட்டில் எழுதினால் அந்த உருகலில் வார்த்த டிரம் எல்லாம் வெளியே போகலாம். இது பித்தளை வார்த்த காலத்திலிருந்து வந்த பழக்கம். பித்தளையில் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும், எந்தக் கரண்டியில் எடுத்தாலும் ஒன்றுதான். கார்பைடு கரைவதில்லை. உருகலுக்குள் துகளாகவே நிற்கும், சும்மா விட்டால் இறங்கும். உலோகத்தை மாற்றிய நாங்கள் குச்சியை மாற்றவில்லை. அது யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை.

மூன்று டிரம் விரிசலோடு திரும்பி வந்தன. மூன்றிலும் விரிசல் ஒரே இடத்தில். டிரம்மின் நடுவில் தடித்திருக்கும் பகுதியைக் குடம் என்போம், வண்டிச் சக்கரத்தில் சொல்வது போல. அந்தக் குடத்தில் போல்ட்டு ஓட்டையை ஒட்டி விரிந்திருந்தது. வாங்கும் கம்பெனியிலிருந்து வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. மேலாளர் அவசரமாக ஒரு குடத்தை வெட்டி அக்காவிடம் கொடுத்தார்.

எங்கள் மேலாளர் எதற்கும் "ஆகட்டும்" என்பார். விடுப்பு கேட்டால் ஆகட்டும், கொடுக்காதபோதும் ஆகட்டும். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ஆகட்டும்தான். அன்று திரையில் தெரிந்ததைப் பார்த்ததும் அவர் வாயில் முதலில் அந்தச் சொல் வரவில்லை. வெளிர் அலுமினியத்தில் கார்பைடு அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது, திட்டுகளின் நடுவே கறுப்புப் பள்ளங்கள்.

"இதே உருகலோட குச்சிய எடு."

எடுத்து வைத்தார். குச்சி அழகாக இருந்தது. துகளுக்குத் துகள் இடைவெளி விட்டு, எங்கும் ஒரே மாதிரி.

"ஒரே மூசை, ஒரே உருகல். குச்சியில இல்லாதது டிரம்ல எப்படிம்மா வரும்? அழுத்தித் தேய்ச்சிருக்க. துகள் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு."

"இல்ல சார்."

"இந்தக் குச்சிக்கு நன்றுன்னு எழுதினது யாரு? நீதானே? அப்ப உருகல் நல்லா இருக்கு. டிரம்ல வர்றது உன் கைதான்."

பேச்சில் ஓட்டையே இல்லை. அதுதான் எரிச்சல். அக்கா திரையில் ஒரு பள்ளத்தின் மேல் விரல் வைத்தார்.

"பிடுங்கின பள்ளத்துக்கு வால் இருக்கும் சார். துகள் பேந்து உருண்டு போறப்போ பின்னாலேயே ஒரு கோடு இழுக்கும். இதுல எங்க வால்? சுத்திலும் துகள் அசையாம நிக்குது பாருங்க. உலோகம் உள்ள போகாத சந்து இது. வார்க்கறப்பவே இருந்த பள்ளம்."

"வாலு, தும்பிக்கைன்னுட்டு ஆய்வாளர்கிட்ட கதை சொல்ல முடியுமா? ஆகட்டும். ஒரு வரி எழுதிக் குடு. உனக்கு ஒண்ணும் ஆகாது, வாய் வார்த்தையா ஒரு எச்சரிக்கை, அதோட முடிஞ்சுது. எழுதலன்னா தேய்க்கற வேலைய வெளிய குடுத்துடுவேன். நீ மறுபடி பொட்டலம் கட்டலாம்."

அப்போதுதான் பேனா மேசையின் அந்தப் பக்கம் போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை உலைக்காரன் பிறகு என்னிடம் சொன்னான். அவர்கள் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு என்று சேர்ந்திருக்கிறார்கள். அக்காவின் கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மாடிப்படியில் பாதிக்குமேல் அவருடைய டப்பாக்கள்தான் உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் ஒதுங்கி ஏற வேண்டும்.

"அண்ணி, ஒரு வரிதானே. எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று ஆரம்பித்திருக்கிறான்.

"நீ எழுதுவியா?"

"எனக்கு எழுதற வேலையே இல்லையே."

"உனக்குச் சேர்த்து நான் எழுதணும். அப்படித்தானே?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "உங்க கைத் தப்பு இல்லன்னா அடுத்து என் உலைதான் அண்ணி. ஆகட்டும் வேற யாரைப் பிடிப்பாரு? உங்களுக்கு எச்சரிக்கையோட போகும். என்னை வெளியவே தள்ளிடுவாரு."

"உன் உலைன்னு நான் சொன்னேனா? நீ என்ன பண்றேன்னு கேக்கறேன். துடுப்பை எப்ப வெளிய எடுக்கற?"

"கலக்கி முடிச்சதும்."

"அப்புறம்?"

"அப்புறம் குச்சி ஊத்துவோம். ஒண்ணாம் நம்பர் அச்சு, ரெண்டாம் நம்பர், அப்படியே பன்னெண்டு வரைக்கும்."

"முன்ன அஞ்சு அச்சுதானே?"

"ஆறு மாசமா பன்னெண்டு. பெரிய மூசை வாங்கினாங்களே, அதுலேர்ந்து. மேலாளர்தான் சொன்னாரு."

"கடைசி அச்சு வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு நிமிஷம். ஒரு நாள் கை வேகமா ஓடினா பதினாறு."

நகத்தில் காய்ந்த பச்சை வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "பதினெட்டு நிமிஷம் கலக்காம வெச்சிருப்பியாடா? நான் டப்பாவை அப்படி வெச்சு அடிச்சா ஒரு சுவரு வெளிறிப் போயிருக்கும், ஒரு சுவரு அப்பிக்கிட்டு நிக்கும். வீட்டுக்காரரு ஏணியோட சேத்து என்னைத் தள்ளிவிடுவாரு."

"பெயின்ட் வேற அண்ணே. இது எழுநூத்தி இருபது டிகிரி."

"சூடா இருந்தா இறங்காதா? இன்னும் தண்ணியா இருக்கும், இன்னும் சீக்கிரம் இறங்கும்."

அண்ணனும் தம்பியும் இதை வைத்துக் கொஞ்சம் சண்டை போட்டார்கள். அக்கா அதில் சேரவில்லை. "குச்சி முதல் கரண்டியிலதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா அண்ணி."

"எப்பவும்?"

"எப்பவும். துடுப்பை எடுத்த கையோட."

அதுவரை மேலாளரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்ட அக்கா அப்போது தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாராம். முதல் கரண்டி, நன்றாகக் கலந்திருக்கும் நேரத்தில் எடுத்தது. அதுவும் விரல் பருமன், குளிர்ந்த இரும்பு அச்சில் ஊற்றியதும் உறைந்துவிடும். துகள் நகர நேரமே கிடையாது. எது எப்போதும் நன்றாகத்தான் இருக்குமோ, அதையே தேடிப் பிடித்துப் பார்த்து நன்று என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் டிரம்மைப் பார்க்கவே இல்லடா" என்றாராம். உலைக்காரன் அதை எனக்குச் சொன்னபோது அண்ணியின் குரலை அப்படியே செய்து காட்டினான். கோபம் இல்லை, ஏதோ கணக்கைத் தலைகீழாகப் போட்டது தெரிந்த மாதிரி ஒரு குரல்.

மறுநாள் காலை என் கடைசல் இயந்திரத்துக்கு வந்தார். போல்ட்டு ஓட்டை போடுவது என் வேலை. திரும்பி வந்த டிரம்மில் ஒன்று பன்னிரண்டாம் நம்பர் அச்சில் வார்த்தது. அதே உருகலின் ஒன்றாம் நம்பர் டிரம் இன்னும் கிடங்கிலேயே இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரெண்டுலயும் சுத்துச் சுவருல ஒரு துண்டு, குடத்துல ஒரு துண்டு. தண்ணி நல்லா விட்டு மெதுவா அறு. சூடேத்திடாதே."

"அக்கா, மேலாளரோட அனுமதிச் சீட்டு?"

"ஒண்ணு உடைஞ்சு வந்தது. இன்னொண்ணு அதோட கூடப் பிறந்தது. வியாழக்கிழமை வரைக்கும் வெச்சுக் கொஞ்சப் போறாங்களா? அறு."

அறுத்தேன். அறுத்துக்கொண்டே சொன்னேன், பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் நம்பர் டிரம் வந்தால் ஓட்டை போடும் பிட்டு சீக்கிரம் மழுங்குகிறது என்று. இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார்.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"பிட்டு மோசம்னு நெனச்சேன்க்கா."

"நீ பிட்டைத் திட்டின. அவரு என் கையைத் திட்டறாரு. டிரம்மை ஒருத்தரும் திட்டல."

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் ஒரு பெண்மணி. பெரிய உருவம், கனமான பாதுகாப்புக் காலணி, பேச்சு குறைவு. மேலாளர் அவரை முதலில் தன் அறைக்கு அழைத்துப் போய்க் குச்சிகளின் படங்களைக் காட்டினார். முப்பத்தொரு உருகல், முப்பத்தொரு படம், எல்லாம் நன்று. விரிசல் விட்ட குடத்தின் படம் மட்டும் "தேய்ப்பில் நேர்ந்த பிழை, எழுத்தில் தருகிறோம்" என்றார். தேய்த்தவரைப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர் எழுந்துவிட்டார். மேலாளர் எதிர்பார்த்தது அது இல்லை.

அக்கா தயாராக இருந்தார். நான்கு துண்டுகளையும் ஒரே பிசின் வில்லையில் பதித்திருந்தார், எது எது என்று தெரிய ஓரத்தில் வெட்டுக்குறி போட்டு. இன்னும் தேய்க்கவில்லை, வேண்டுமென்றேதான்.

"மேடம், என் கை துகளைப் பிடுங்குதுன்னு சார் சொல்றாரு. இருக்கலாம். நாலு துண்டும் ஒரே வில்லையில இருக்கு. ஒரே தாள், ஒரே துணி, ஒரே அழுத்தம். பிடுங்கற கைன்னா நாலையும் பிடுங்கட்டும். நீங்க நின்னு பாருங்க."

"அதுக்கெல்லாம் மேடத்துக்கு நேரம் இருக்காதும்மா" என்றார் மேலாளர்.

"இருக்கு" என்றார் ஆய்வாளர்.

நாற்பது நிமிடம் ஆனது. முரட்டுத் தாளிலிருந்து மெல்லிய தாள் வரை, ஒவ்வொரு தாளுக்கும் கால்வட்டம் திருப்பி, ஒவ்வொரு முறையும் குழாயடியில் கழுவி. அவசரமே படவில்லை. வாசலுக்கு வெளியே நானும் உலைக்காரனும் ஏதோ வேலை இருப்பது போல நின்றுகொண்டிருந்தோம். கடைசித் துணிக்கு வந்ததும் அக்கா நிறுத்தினார்.

"இதை நீங்களே தேய்ங்க மேடம். அப்புறம் என் கைன்னு பேச்சே வராது."

ஆய்வாளர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"காலணிய வாசல்ல கழட்டிட்டு."

மேலாளரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆய்வாளர் குனிந்து, கயிற்றை அவிழ்த்து, காலணி இரண்டையும் வாசலில் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். உலைக்காரன் என் தோளை ஒரு கிள்ளு கிள்ளினான். வலி இன்னும் இருக்கிறது.

திரையில் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றாம் நம்பரின் சுவர்: குச்சியைப் போலவே சுத்தம். ஒன்றாம் நம்பரின் குடம்: துகள்கள் கொஞ்சம் ஒதுங்கி, வலைப் பின்னல் மாதிரிக் கோடுகளில் நின்றன, பள்ளம் இல்லை. பன்னிரண்டின் சுவர்: துகள் அளவுக்கு மீறி நெருக்கம். பன்னிரண்டின் குடம்: திட்டுகள், திட்டுகளுக்கு நடுவே பள்ளங்கள். எந்தப் பள்ளத்துக்கும் வால் இல்லை. ஒன்று கலக்கிய கையோடு ஊற்றியது, பன்னிரண்டு பதினெட்டு நிமிடம் காத்திருந்து ஊற்றியது என்றார் அக்கா.

"ஒண்ணாம் நம்பர் குடத்துலயும் ஒதுங்கித்தான் இருக்கு" என்றார் மேலாளர். அவர் குரலில் ஏதோ பிடி கிடைத்த சந்தோஷம். "அது காத்திருக்கவே இல்லையே? அப்ப காத்திருக்கறதுல தப்பில்ல."

"அது வேற சார். குடம் தடிப்பு, மெதுவா உறையுது. அலுமினியம் உறைஞ்சுகிட்டே வர்றப்போ துகளை உள்ள விடாம முன்னால தள்ளிக்கிட்டே வருது. கடைசியா உறையற சந்துல எல்லாம் நெரிஞ்சு நிக்குது, கூட்டத்தைப் பஸ்ஸோட கடைசி சீட்டுக்குத் தள்ளின மாதிரி. சுவரு மெல்லிசு, தள்ள நேரம் கிடைக்கறதுக்குள்ள உறைஞ்சுடுது. ஒண்ணாம் நம்பர்ல அந்த ஒரு கோளாறுதான். பன்னெண்டுல ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. பதினெட்டு நிமிஷம் துடுப்பு இல்லாம நின்னதுல துகள் அடிக்கு இறங்கி, கடைசிக் கரண்டியில மொத்தமா ஏறி வந்திருக்கு. அதைக் கொண்டுபோய்த் தடிச்ச குடத்துல ஊத்தினா இப்படித்தான் வரும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சுத்தம் என்று தெரிந்துவிட்டது. ஆய்வாளர் தலையாட்டிவிட்டார். உலைக்காரன்கூட மூச்சு விட ஆரம்பித்தான், பன்னிரண்டு அச்சு மேலாளர் சொன்னது, அவன் சொந்தமாகச் செய்தது இல்லை. அக்கா நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு மேடம். சார் காட்டின முப்பத்தொரு படமும் குச்சி. முதல் கரண்டி. அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். முப்பத்தொரு நன்றும் என் கையெழுத்து. அதுக்கு முன்ன அஞ்சு அச்சு ஊத்தினப்பவும் குச்சியத்தான் பார்த்தேன். நாலு வருஷமா ஒரு குடத்தையும் வெட்டிப் பார்த்ததில்ல."

"யாரும்மா உன்னை இதெல்லாம் கேட்டா?" மேலாளருக்குக் குரல் ஏறிவிட்டது.

"நீங்கதான் சார் என் கை என்ன பண்ணிச்சுன்னு கேட்டீங்க. என் கை பண்ணினது இதுதான். இதை எழுதறேன்."

பதிவேட்டை எடுத்தார். எப்போதும் ஒரு சொல் எழுதுகிறவர் அன்று பக்கம் முழுக்க எழுதினார். குச்சி எப்போது ஊற்றப்படுகிறது, டிரம் எப்போது ஊற்றப்படுகிறது, நான்கு துண்டில் என்னென்ன தெரிந்தது, முப்பத்தொரு உருகலுக்குத் தான் எழுதிய நன்று குச்சிக்கு மட்டுமே பொருந்தும், டிரம்முக்குப் பொருந்தாது. கீழே கையெழுத்துப் போட்டு மேலாளரின் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் போடமாட்டேன்" என்றார் மேலாளர்.

"சரி சார். இடம் விட்டிருக்கேன்."

அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. ஆய்வாளர் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். வில்லையையும் கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து நிதானமாகக் காலணி மாட்டினார்.

ஒரு வாரத்தில், அனுப்பிய டிரம்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. பொட்டலப் பகுதியில் ஆறு மாதம் கட்டி அனுப்பியதையெல்லாம் பிரித்து இறக்கினார்கள். "அக்கா கண்ணு நல்ல கண்ணு, எங்க முதுகுதான் போச்சு" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். உலையாட்களுக்கு வேலை கூடியது. மறுபடி ஐந்து அச்சுதான், ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவே துடுப்பை இறக்கி மெதுவாகச் சுற்ற வேண்டும், அனலில் நிற்கும் நேரம் அதிகம். குடம் சீக்கிரம் உறைய அச்சின் நடுவே ஒரு தடித்த இரும்புக் கட்டை வைக்க முடிவு செய்தார்கள். அக்கா யாரிடமும் சமாதானம் சொல்லவில்லை. கேட்டால், "டிரம் விரிஞ்சா வண்டில இருக்கறவன் முதுகு போகும்" என்பார்.

மேலாளர் சொன்னதைச் செய்யாமல் விடவில்லை. தேய்ப்பு வேலையை வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து அவர்கள் தேய்த்த வில்லை வந்தது. அந்த இரண்டு வாரம் அக்கா பொட்டலம்தான் கட்டினார். வந்த வில்லையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மேலாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். திரை முழுக்கப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் நீளமாக ஒரு கோடு.

அக்கா ஒரு பார்வைதான் பார்த்தார். "இதுதான் சார் வால்" என்றார்.

"ஆகட்டும்" என்றார் மேலாளர். நாற்காலி திரும்பக் கிடைத்தது. அந்த வில்லை இப்போதும் அக்காவின் இழுப்பறையில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்.

இரும்புக் கட்டை வைத்து வார்த்த முதல் உருகலின் கடைசி டிரம்மை வெட்டியது நான்தான். உலைக்காரன் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான், பிறந்த பிள்ளையைத் தூக்கிப் போவது போல. நானும் பின்னாலேயே போனேன். துண்டோடு கூடக் குச்சியையும் எடுத்துப் போயிருந்தான், கைப்பழக்கம்.

"இது எதுக்கு?"

"குச்சி அண்ணி."

"குச்சி வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? கடைசி டிரம்மோட குடம் மட்டும் போதும். இதை மறுபடி மூசையில போடு."

குடத்தைத் தேய்த்து வைத்தார். திட்டுகள் இல்லை. பள்ளமும் இல்லை. உலைக்காரன் பல்லெல்லாம் தெரிய என்னைத் திரும்பிப் பார்த்தான். அக்கா துண்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். இரும்புக் கட்டைக்கு எட்டாத ஒரு மூலையில், மெல்லிய வலைப் பின்னல் மாதிரி, துகள்கள் இன்னும் ஒதுங்கி நின்றன.

"இங்க சேர்ந்து நிக்குது. கட்டைய இன்னும் அகலமா வை. கொண்டு போ."

"அண்ணி, முன்ன இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை! நன்றுன்னு எழுதிடுங்க, நாளைக்குக் கட்டைய மாத்திக்கறேன்."

"நாளைக்கு மாத்து. நாளைக்கு எழுதறேன்."

"அண்ணி..."

"அண்ணி வீட்டுல" என்றார், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க செருப்பைக் கழட்டாம உள்ள வந்திருக்க. முதல்ல வெளிய போ."